1.90 என்ற எண்ணை வகுப்பறைக்குக் கொண்டுவாருங்கள்: டில்லித் தமிழ்ப் பள்ளிகளின் கணித ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். மத்திய அரசின் கணக்குத் தணிக்கைப் பணியில் 33 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆர்.கே. புரத்து அரசுக் குடியிருப்பில் நாங்கள் இருந்த காலத்தில் என் பிள்ளைகள் இருவரும் தலைநகரின் தமிழ்ப் பள்ளிகளில் ஒன்றில்தான் படித்தார்கள். தமிழையும் கணக்கையும் அவர்களுக்கு ஊட்டிய ஆசிரியர்களை இன்றும் மலை மந்திர் முருகன் கோயிலில் பார்த்தால் கைகூப்பிவிட்டுத்தான் நகர்வேன். ஆகவே இந்த மடலைக் குறை சொல்லும் மடலாக எண்ண வேண்டாம். உங்களிடம் ஒரு வகுப்பு நேரத்தைக் கேட்டு வாங்குவதற்காக எழுதுகிறேன்.

என் இளைய மகனுக்கு இப்போது 24 வயது. பத்தாம் வகுப்பில் கணிதத்தில் 94 மதிப்பெண் வாங்கியவன். மாதம் 32,000 ரூபாய்ச் சம்பளத்தில் நொய்டாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், நான்கு மாதத்தில் 1,91,650 ரூபாயைக் கைபேசியில் ஆடும் பூவா தலையா ஆட்டத்தில் இழந்தான். வென்றால் கட்டிய தொகையைப் போல 1.90 மடங்கு திருப்பித் தரும் ஆட்டம் அது. அவனுடைய ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன். எந்த இணையதளம் என்று நான் சொல்லப்போவதில்லை. அந்த நான்கு மாதத்திலேயே அது மூன்று முறை பெயரை மாற்றிக்கொண்டது, பணம் போய்ச் சேர்ந்த யுபிஐ கணக்கின் பெயரோ வாரத்துக்கு வாரம் வேறாக இருந்தது.

செய்தி தெரிந்த அன்று இரவு, அவனுடைய அலமாரியில் ஒரு பழைய ரஃப் நோட்டு அகப்பட்டது. முன்பக்கங்களில் பத்தாம் வகுப்பு நிகழ்தகவுப் பாடம்: ஒரு நாணயத்தைச் சுண்டினால் தலை விழுவதற்கான நிகழ்தகவு 1/2, பக்கத்தில் சிவப்பு மையில் ஆசிரியரின் சரிக்குறி. அதே நோட்டின் பின்பக்கங்களில், எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு எழுதிய வரிசைகள். தலைக்கு 1, பூவுக்கு 0 என்று வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக ஒன்றும் பூஜ்யமும் எழுதியிருந்தான். ஓரிடத்தில் 10, 20, 40, 80, 160 என்று கட்டிய தொகைகள் இருந்தன. முதல் நான்கும் அடிக்கப்பட்டு, ஐந்தாவதைச் சுற்றி ஒரு வட்டம். அதன் கீழே, அவசரக் கையெழுத்தில், "ஜெயிச்சும் 6 ரூபாய் குறையுது. ஏன்?" என்று ஒரு கேள்வி.

அந்தக் கேள்வியை அவன் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உங்களில் யாராக இருந்தாலும் ஒரே நிமிடத்தில் விளக்கியிருப்பீர்கள். தோற்றது 10, 20, 40, 80. ஆக 150 ரூபாய். ஐந்தாவது முறை கட்டிய 160 ரூபாய்க்கு 1.90 மடங்கு, அதாவது 304 ரூபாய் திரும்பி வந்தது. அதில் அவனுடைய சொந்தப் பணமே 160. உண்மையில் வென்றது 144. எனவே 150-இல் 144 போக ஆறு ரூபாய் நட்டம். தோற்கும்போதெல்லாம் இரட்டிப்பாகக் கட்டினால் ஒரே ஒரு வெற்றியில் எல்லாம் திரும்பிவிடும் என்று அவனை ஒரு கைபேசிக் குழுவில் நம்பவைத்திருந்தார்கள். ஒன்றுக்கு இரண்டாகக் கொடுக்கும் ஆட்டத்திலாவது, பை வற்றாதவரை, அது உண்மையாக இருக்கும். 1.90 கொடுக்கும் ஆட்டத்தில் தொடர்ந்து நான்கு முறை தோற்றுவிட்டால் அதன்பின் வெற்றிகூட நட்டத்தை அடைக்காது. நான்கு முறை தொடர்ந்து தோற்பது அரிதான சங்கதியும் அன்று; பதினாறுக்கு ஒன்று.

நிகழ்தகவு 1/2 என்று அவனுக்குத் தெரியும். 1.90 என்பது ஒரு விலை என்பதும், அந்த விலை சரிதானா என்று பார்க்க ஒரு கணக்கு உண்டு என்பதும் தெரியாது. இந்த மடல் முழுவதும் இந்த ஓர் இடைவெளியைப் பற்றியதுதான்.

ஒரு சுற்றில் ஒருவர் தலையில் நூறு ரூபாயும் இன்னொருவர் பூவில் நூறு ரூபாயும் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். மேசைக்கு வந்தது 200. எது விழுந்தாலும் வென்றவருக்குப் போவது 190. பத்து ரூபாய் மேசையிலேயே தங்கிவிடுகிறது. நடத்துபவருக்கு நாணயம் எப்படி விழுகிறது என்பதில் அக்கறையே தேவையில்லை. 200-க்கு 10 என்றால் நூற்றுக்கு ஐந்து. சில தளங்கள் 1.96, 1.98 என்று தருகின்றன. அங்கே பிடித்தம் நூற்றுக்கு இரண்டு, ஒன்று. விகிதம்தான் மாறுகிறதே தவிர, திசை மாறுவதில்லை. 1.90 கொடுக்கும் ஆட்டத்தில் கையைக் கடிக்காமல் வெளியே வர வேண்டுமானால் நூற்றுக்கு 52.63 முறை வெல்ல வேண்டும், 1.96 என்றால் 51.02 முறை.

இந்த இடத்தில் என் மகன் படித்த பழைய பதிப்பு என்.சி.இ.ஆர்.டி. பாடநூலே துணைக்கு வருகிறது. நிகழ்தகவுப் பாடத்தின் தொடக்கத்தில் மூன்று பேரின் சோதனைகளை அது குறிப்பிடுகிறது. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் பஃபோன் 4,040 முறை சுண்டி 2,048 தலை கண்டார். கெர்ரிச் 10,000 முறை சுண்டி 5,067 தலை. கார்ல் பியர்சன் 24,000 முறை சுண்டி 12,012 தலை. விகிதம் எப்படி 0.5-ஐ நெருங்குகிறது என்று காட்டிவிட்டுப் பாடம் நகர்ந்துவிடுகிறது. நான் ஒரு மாலை முழுக்க அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். மூவருக்கும் தலைதான் சற்றுக் கூடுதலாக விழுந்திருக்கிறது. அதாவது, மூவரும் ஒவ்வொரு முறையும் தலையிலேயே நூறு ரூபாய் கட்டியிருந்தால், நம் பேச்சுவழக்கில் சொல்வதானால், அதிர்ஷ்டம் அவர்கள் பக்கம்தான்.

ஆனால் 1.90 என்ற விலையில் கணக்கிட்டுப் பாருங்கள். கெர்ரிச் கட்டியது பத்து லட்சம். திரும்பியது 5,067 முறை 190, அதாவது 9,62,730. நட்டம் 37,270 ரூபாய். பஃபோனுக்கு 4,04,000 கட்டி 14,880 ரூபாய் நட்டம். பியர்சனுக்கு 24 லட்சம் கட்டி 1,17,720 ரூபாய் நட்டம். பாதிக்கு மேல் வென்ற மூன்று பேரும் தோற்றவர்கள். கெர்ரிச் இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் தடுப்பு முகாமில் அடைபட்டிருந்த காலத்தில், பொழுதைப் பயனுள்ளதாகக் கழிக்க அந்தப் பத்தாயிரம் முறையும் சுண்டினார் என்று மாணவர்களிடம் சொன்னால், அந்த எண்ணுக்கு உயிர் வந்துவிடும். அவர் உழைப்பால் கிடைத்த எண்ணை வைத்தே இந்தப் பாடத்தை நடத்தலாம்.

"உண்மை நாணயம் சரிபாதியாக விழாது, மேலே இருந்த பக்கமே சற்றுக் கூடுதலாக விழும்" என்று படித்த மாணவன் எவனாவது எழுந்து கேட்கக்கூடும், கேட்டால் மகிழ்ச்சி. 2023-இல் வெளியான ஓர் ஆய்வில் 3,50,757 முறை சுண்டிப் பார்த்து, தொடங்கிய பக்கமே விழும் வாய்ப்பு நூற்றுக்கு 50.8 என்று கண்டார்கள். அந்த நுட்பத்தை முழுவதும் பயன்படுத்தினாலும் 51.02-ஐக்கூட எட்ட முடியாது என்பதை அவனையே கரும்பலகையில் எழுதச் சொல்லலாம். கைபேசியில் சுழலும் நாணயத்துக்கோ பக்கமும் இல்லை, எடையும் இல்லை. அது ஒரு எண்ணின் படம்.

என் மகன் என்னிடம் முதலில் வாதாடியது நேர்மையைப் பற்றித்தான். "அம்மா, இதில் ஏமாற்றவே முடியாது, ஒவ்வொரு சுற்றையும் நாமே சரிபார்க்கலாம்" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை. சுற்று தொடங்கும் முன்பே முடிவுக்கான ரகசிய எண்ணை ஒரு சங்கேதச் சரமாக்கிக் காட்டிவிடுகிறார்கள். சுற்று முடிந்தபின் அந்த ரகசிய எண்ணை வெளியிடுகிறார்கள். இரண்டும் பொருந்துகின்றனவா என்று யாரும் பார்க்கலாம். முத்திரையிட்ட உறையை முன்கூட்டியே மேசைமேல் வைப்பது போன்ற ஏற்பாடு. பக்கத்து வீட்டுப் பொறியாளரை உதவிக்கு வைத்துக்கொண்டு இருபது சுற்றுகளை நானே சரிபார்த்தேன், இருபதும் பொருந்தின. தணிக்கைக்காரியான நான் அங்கே ஒரு திருட்டைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தேன் என்பதை மறைப்பானேன். உறைக்குள் இருந்தது உண்மையான முடிவுதான். வென்றவனுக்கு 190 கொடுப்பது நியாயமா என்ற கேள்விக்கு அந்த உறையில் இடமே இல்லை.

பிறகு அவனுடைய கணக்கின் முழு வரலாற்றையும் தரவிறக்கி, அலுவலகத்தில் செய்வதுபோலவே வரி வரியாகக் கூட்டினேன். மொத்தம் 13,870 சுற்றுகள். வென்றவை 6,921. கிட்டத்தட்ட சரிபாதி, நாணயம் அவனை வஞ்சிக்கவில்லை. அந்தச் சுற்றுகளில் அவன் கட்டிய தொகைகளின் கூட்டுத்தொகை 36,42,300 ரூபாய். இந்த எண்ணை நான் படித்துக் காட்டியபோது அவன் நம்பவில்லை. தவறாகக் கூட்டிவிட்டேன் என்று சொல்லி மறுபடி கூட்டவைத்தான். மாதம் 32,000 சம்பளம் வாங்குகிறவன் முப்பத்தாறு லட்சத்தைக் கட்டியிருக்கிறான். வென்ற பணம் திரும்ப வந்து, அதையே மறுபடி கட்டி, அதுவும் வந்து, அதையும் கட்டி, இப்படிச் சுழன்று சேர்ந்த தொகை அது. அதில் நூற்றுக்கு ஐந்து என்றால் 1,82,115. அவன் இழந்தது அதைவிட 9,535 ரூபாய் மட்டுமே அதிகம். அவனுடைய துரதிர்ஷ்டத்தின் பங்கு அவ்வளவுதான். மிச்சமெல்லாம் விலையின் பங்கு.

ஒரு சுற்றுக்கு எட்டு நொடி என்று வைத்தால், 13,870 சுற்றுகளும் சேர்ந்து 31 மணி நேரம்கூட ஆகாது.

"95% திருப்பித் தருகிறோம்" என்ற விளம்பர வாசகத்தைப் படிக்கும் எவரும், ஆயிரம் ரூபாயோடு போனால் 950 ரூபாயோடு திரும்பலாம் என்றுதான் புரிந்துகொள்கிறார்கள். அந்த 95% பைக்கு உரியதன்று, ஒவ்வொரு கட்டுக்கும் உரியது. ஆயிரம் ரூபாயை ஒருமுறை முழுதாகக் கட்டி முடித்தால் சராசரியாக 950. அதை மறுபடி கட்டி முடித்தால் 902.50, பதினான்காவது சுழற்சியில் 488 ரூபாய்க்கு வந்து நிற்கிறது. கூட்டுவட்டிப் பாடத்தில் தேய்மானக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறீர்களே, அதே சூத்திரம்தான்.

சேர்ந்த அன்றே கிடைத்த 1,000 ரூபாய் போனஸும் இதே கணக்கில் அடங்கும். அந்தப் பணத்தை எடுக்க வேண்டுமானால் அதன் இருபது மடங்குக்கு, அதாவது 20,000 ரூபாய்க்கு, ஆடி முடித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இருபதாயிரத்தில் நூற்றுக்கு ஐந்து சரியாக ஆயிரம். கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் அளவுக்கு மிகத் துல்லியமாக நிபந்தனையை எழுதியவர்களுக்குக் கணக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. கையொப்பமிட்ட என் பிள்ளைக்குத் தெரியவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

இன்னொரு வகை ஆட்டத்தையும் சொல்லியாக வேண்டும். கல்லூரிப் பிள்ளைகளிடம் அதுதான் அதிகம் புழங்குவதாக மகன் சொல்கிறான். வென்ற பணத்தை எடுக்காமல் அப்படியே அடுத்த சுண்டலுக்கு வைத்துக்கொண்டு படிப்படியாக ஏறும் ஆட்டம். ஐந்து படி ஏறினால் 24.76 மடங்கு என்று திரையில் பொன்னிற எழுத்தில் மின்னும். பத்து ரூபாய்க்கு 247 ரூபாய் என்றால் யாருக்கும் கண் விரியும். தொடர்ந்து ஐந்து முறை சரியாகச் சொல்வதன் வாய்ப்பு 32-இல் ஒன்று. நியாயமான விலை 32 மடங்கு. ஒவ்வொரு படியிலும் ஐந்து ஐந்தாகப் பிடித்ததில், ஐந்தாம் படியில் பிடித்தம் நூற்றுக்கு 22-ஐத் தாண்டிவிடுகிறது. பத்தாம் படியில் தருவது 613 மடங்கு, தர வேண்டியது 1,024. பிடித்தம் நூற்றுக்கு நாற்பது. பரிசு பெரிதாகத் தெரியத் தெரிய விலை மோசமாகிறது. இதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க எந்தப் பிள்ளையாலும் முடியாது. பெருக்கிப் பார்த்தால் மட்டுமே தெரியும்.

சட்டம் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது, நான் அதை வரவேற்கிறேன். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் திறமை, வாய்ப்பு என்ற பாகுபாடின்றித் தடை செய்கிறது. நடத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்க வழி செய்கிறது. ஆடுபவரைத் தண்டிக்கவில்லை என்பது அதன் நல்ல கூறு. ஆயினும் என் மகன் ஆடிய தளம் இந்த நாட்டிலேயே இல்லை. ஒரு முகவரியை முடக்கினால் மறுநாள் எழுத்து ஒன்று மாறி இன்னொன்று வருகிறது. தடையைச் செயல்படுத்துவது அரசின் வேலை, அது நடக்கட்டும். அதுவரை, என் பிள்ளையின் கைபேசிக்கு வரும் அழைப்புக்கும் அவனுக்கும் நடுவில் நிற்கக்கூடியது அவன் தலைக்குள் இருக்கும் கணக்கு ஒன்றுதான்.

உங்களில் சிலர், சூதாட்டத்தைப் பள்ளிக்குள் கொண்டுவருவதா என்று தயங்குவீர்கள். தயக்கம் நியாயமானது, நானும் இரண்டு வாரம் தயங்கிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் பகடையும், ஐம்பத்திரண்டு சீட்டுக்கட்டும் அந்தப் பாடத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. இல்லாதது பணம் மட்டுமே. வரலாற்றைப் பார்த்தால், இந்தத் துறை பிறந்ததே பணத்தைப் பற்றிய கேள்வியிலிருந்துதான். 1654-இல் பிரெஞ்சுக் கணித மேதைகள் பாஸ்கலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்கள், பாதியில் நின்றுபோன ஓர் ஆட்டத்தின் பந்தயத் தொகையை இருவருக்கும் எப்படி நியாயமாகப் பங்கிடுவது என்பதைப் பற்றியவை. பத்தாம் வகுப்புப் பாடம் நிகழ்தகவை வைத்துக்கொண்டு பங்கீட்டை விட்டுவிட்டது. அந்தப் பாதியைத் திருப்பிச் சேர்க்க ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் போதும். புதிய சூத்திரம் எதுவும் வேண்டியதில்லை.

நான் கேட்பது, நிகழ்தகவுப் பாடம் முடிந்தபின் ஒரே ஒரு நாற்பது நிமிட வகுப்பு. நாற்பது பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு ஒரு ரூபாய் நாணயமும், காகிதத்தில் வெட்டிய பொய்ப் பணமும் கொடுங்கள். ஒவ்வொருவரும் இருபது முறை சுண்டி, ஒவ்வொரு முறையும் பத்து ரூபாய்ப் பொய்ப் பணம் கட்டி, வென்றால் 19 வாங்கிக்கொள்ளட்டும். முடிவில் லாபத்தில் இருப்பவர்களைக் கை தூக்கச் சொல்லுங்கள். பதினைந்து, பதினாறு கைகள் உயரும். அந்தக் கைகள் உயர்வது மிக முக்கியம், தயவுசெய்து அதை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். ஆடியவர்களில் இத்தனை பேர் வென்றிருக்கிறார்கள் என்பது பொய்யில்லை. என் மகனுக்குக் குழுவில் காட்டப்பட்ட படங்களெல்லாம் அந்தக் கைகள்தான். அதன்பின் நாற்பது பேரின் கணக்கையும் கரும்பலகையில் கூட்டுங்கள். 8,000 ரூபாய் கட்டியிருப்பார்கள். பெரும்பாலும் நானூறுக்கு அக்கம்பக்கத்தில் கழித்தல் குறி வந்து நிற்கும். அபூர்வமாக அன்று கூட்டல் குறி வந்துவிட்டால் பதற வேண்டாம், அடுத்த பிரிவு வகுப்பின் கணக்கையும் அதோடு சேர்த்துக் கூட்டச் சொல்லுங்கள். இருபது சுற்றில் ஐந்தில் இருவர் லாபத்தில் இருக்கலாம். இருநூறு சுற்றில் ஐந்தில் ஒருவர். ஆயிரம் சுற்றில் இருபதில் ஒருவர். எட்டு நொடிக்கு ஒரு சுற்று என்றால் ஆயிரம் சுற்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஆடி முடித்துவிடலாம் என்பதையும் பிள்ளைகளே கணக்கிடட்டும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். தொடர்ந்து ஐந்து முறை பூ விழுந்தால் ஆறாவது தலையாகத்தான் இருக்கும் என்று என் மகன் அந்த நோட்டில் ஏழெட்டு இடங்களில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறான். நூறு முறை சுண்டினால் எங்காவது ஓரிடத்தில் ஐந்து பூ தொடர்ந்து விழுவதற்கான வாய்ப்பு ஐந்தில் நான்கு. அது அதிசயமே இல்லை. முந்தைய சுண்டல் அடுத்ததை அறியாது என்று நீங்கள் வகுப்பில் சொல்கிறீர்கள், பிள்ளைகளும் தேர்வில் எழுதுகிறார்கள். தாங்களே சுண்டி, தாங்களே எழுதிய வரிசையில் அந்த ஐந்து பூவைத் தேடிக் கண்டுபிடித்து, ஆறாவதாக என்ன வந்திருக்கிறது என்று பார்க்கும் வாய்ப்பை அவர்களுக்கு ஒருமுறை கொடுங்கள்.

தலைநகரில் ஏழு தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. எந்தப் பள்ளி அழைத்தாலும் வருகிறேன். நாற்பது ஒரு ரூபாய் நாணயங்களையும் பொய்ப் பணத்தையும் நானே கொண்டுவருவேன். வெட்டி, நூறு நூறாகக் கட்டி வைத்தாயிற்று. என் மகனும் உடன் வர ஒப்புக்கொண்டிருக்கிறான். பேச மாட்டேன் என்கிறான். ஆனால் அந்த நோட்டைப் பிள்ளைகள் கையில் கொடுப்பதற்குத் தயக்கமில்லை, 6 ரூபாய் குறைந்த பக்கத்தில் ஒரு காகிதத் துண்டை அடையாளமாக வைத்திருக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள் என்று சொல்லச் சொன்னான்.

மிக்க அன்புடனும் மதிப்புடனும்,

ஒரு பழைய மாணவனின் தாய்
ஆர்.கே. புரம், புது டில்லி